நாத்தம் நின்னா ஓடு

எந்த வாசலுக்கு வந்தாலும் அவர் ஒரு நிமிஷம் நிற்பார். சர்ச்சு, கல்யாண மண்டபம், ரேஷன் கடை, எதுவானாலும் சரி. செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையைக் கொஞ்சம் தூக்கி, மூக்கால் இரண்டு தடவை காற்றை இழுத்துப் பார்ப்பார். அப்புறம்தான் காலை உள்ளே வைப்பார். பின்னால் வருகிறவர்கள் அவர் முதுகில் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

"இன்னா பெரியவரே, பொண்ணு பாக்கவா வந்தீங்க? உள்ள போங்க."

"இரு. நில்லு."

அவ்வளவுதான் சொல்வார். சபைப் பிள்ளைகள் அவருக்கு 'நில்லு அங்கிள்' என்று பேர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார், அதனால் அதுவே நிலைத்துப் போனது. அவருடைய சொந்தப் பேரை இருபது வருஷத்துக்கு மேல் நான் வாயில் எடுத்ததில்லை. இங்கேயும் எழுதவில்லை. அன்றைக்குச் சொல்லாதது கோபத்தால். இன்றைக்கு அப்படி இல்லை.

இராப்போஜனத்துக்கு முழங்கால் போடும்போதுகூட அந்தப் பழக்கம் போகாது. கிண்ணம் வாய்க்கு வந்ததும் ஒரு முறை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். புதிதாக வந்த பாஸ்டர் சின்ன வயசுக்காரர். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"பெரியவரே, இது ஆண்டவருடைய பந்தி. மோந்து பாக்குற இடமா?"

"தப்புதான் ஐயா. பழக்கம்."

அடுத்த மாசமும் மோந்து பார்த்தார்.

எங்கள் ஊர்ப் பக்கம் பஸ் வரும்போது வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். டேனரிகளில் தோல் ஊறுகிற நாத்தம். எங்களுக்கு அது காலையில் கண் விழித்ததும் தெரியும், அப்புறம் தெரியாது. அவர் மட்டும் நாள் முழுக்க அதைத் தெரிந்துகொண்டே இருப்பார். யாராவது மூக்கைப் பொத்தினால், "பொத்தாதீங்கமா. நாத்தம் இருக்கிற வரைக்கும் பயமில்ல. நாத்தம் நின்னா ஓடு," என்பார். கேட்கிறவர்களுக்குப் புரியாது. பைத்தியம் என்று நினைத்துத் தள்ளி உட்காருவார்கள்.

டேனரியில் வேலை செய்தவர்களுக்குப் புரியும். கழிவுத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு விஷக் காற்று உண்டு. முதலில் அழுகிய முட்டை நாத்தம் அடிக்கும். அது ஜாஸ்தியானால் மூக்கு செத்துவிடும், ஒரு நாத்தமும் தெரியாது. நாத்தம் போய்விட்டதே, பரவாயில்லை என்று நினைக்கிற நேரத்தில் ஆள் விழுந்துவிடுவான். அவனைத் தூக்க இன்னொருத்தன் குதிப்பான். அவனைத் தூக்க இன்னொருத்தன்.

என் தம்பி அப்படி இரண்டாவதாகக் குதித்தவன்.

அவனுக்கு இருபத்தி நாலு வயசு. நல்ல பாட்டுக்காரன், சர்ச்சில் வாலிபர் பாட்டுக் குழுவில் முன்னால் நிற்பான். அவனைப் பார்த்துத்தான் பாடவே தெரியாத என் வாய் பின்வரிசையில் அசையும். டேனரியில் இவரும் அவனும் ஒரே கேங்கு. தொட்டி கழுவ முதலில் இறங்கினவர் விழுந்தார். என் தம்பி குதித்தான். பின்னால் நாலு பேர் குதிக்கத் தயாராக நின்றார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? தொட்டி வாய்மேல் குறுக்கே உட்கார்ந்துவிட்டார். கையில் ஒரு செங்கல்லை எடுத்துக்கொண்டு, கிட்டே வந்தவன் மண்டையை உடைப்பேன் என்றார். தீயணைப்பு வண்டி வரும் வரை எழுந்திருக்கவே இல்லை. வண்டி வர முக்கால் மணி நேரம் ஆனது.

இரண்டு பெட்டிகள். நாலு பேர் பிழைத்தார்கள். அந்த நாலு பேரும் பிழைத்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. உயிரோடு இருந்தவன்மேல் உட்கார்ந்தான் என்றுதான் ஊர் பேசியது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் எங்கள் அம்மா அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். நானும் பின்னால் போனேன். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எம்புள்ள கூப்டானா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லுடா. நீ மேல குந்தினு இருந்தியே, உள்ளேர்ந்து எம்புள்ள கூப்டானா, இல்லியா?"

அவர் சம்சாரம் உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. அம்மா குனிந்து தெருமண்ணை ஒரு கை அள்ளி அவர் வாசலில் வீசிவிட்டுத் திரும்பினாள். அதற்கப்புறம் அம்மா பதினோரு வருஷம் இருந்தாள். எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் இருக்கிற பக்கம் திரும்பியதில்லை. படுக்கையில் விழுந்த பிறகும் என்னிடம் அதையே கேட்டாள். "கூப்டிருப்பானாடி?" நான் என்ன சொல்வேன். "இல்லமா, உடனே போயிருக்கும்," என்பேன். அவள் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அம்மா போன பிறகு அந்தக் கேள்வி எனக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் எனக்குக் கேட்க வாய் கிடையாது. நான் ஐந்தாவது வரை படித்தவள். ஷூ கம்பெனியில் மேல்தோல் துண்டுகளுக்குப் பசை தடவி ஒட்டுகிற வேலை. முப்பது வருஷம் தலையைக் குனிந்தே செய்தேன், சூப்பர்வைசர் பேர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. பெண்கள் ஐக்கியத்தில் ஒவ்வொருவராக ஜெபம் பண்ணச் சொன்னால், என் முறை வருவதற்கு முன்னால் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். அதனால்தான் வேலையிலிருந்து நின்ற பிறகு, வாலிபர் முகாம் வந்தால் சமையலுக்கு நானே கை தூக்கினேன். அடுப்புக்கு முன்னால் நிற்கிறவளை யாரும் பேசச் சொல்வதில்லை.

அவரும் எல்லா முகாமுக்கும் வருவார். யாரும் கூப்பிட மாட்டார்கள், அவரே வேனில் ஏறிவிடுவார். கூடவே ஒரு நீள மூங்கில் கழி. நுனியில் இரும்புக் கொக்கி. டேனரிக் குழியில் ஊறுகிற தோலைப் புரட்டவும் மேலே இழுக்கவும் வைத்திருப்பார்களே, அது. வேனுக்குள் நுழையாது. ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டு வரும்.

"அங்கிள், மீன் புடிக்கவா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

வேன் ஓட்டுகிற பாய் சிரிப்பார். "பெரியவரே, போலீஸ்காரன் புடிச்சா ஃபைன் நீங்கதான் கட்டணும். எனக்கு பேஜார் வேணாம்."

"மெதுவா ஓட்டு பாய். கண்ணாடில இடிக்கப் போவுது," என்பார்.

முகாம் இடத்துக்குப் போனதும் மற்றவர்கள் டீ குடிப்பார்கள். அவர் ஒரு பையில் சுண்ணாம்புத் தூளை எடுத்துக்கொண்டு அந்த நிலம் முழுக்கச் சுற்றிவருவார். பாழுங்கிணறு, கரண்டு கம்பம், பாம்புப் புற்று, எது இருந்தாலும் சுற்றி வெள்ளைக் கோடு போடுவார். அந்தச் சுண்ணாம்பு அரித்தே அவர் கைவிரல்களில் நாலு நகம் இல்லை. பாலாற்று மணலில் ஒரு தடவை முகாம் போட்டோம், ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அங்கேயும் கோடு போட்டுவிட்டு வந்தார்.

நான் அடுப்பிலிருந்து பார்ப்பேன். பேசியதில்லை. அவர் தட்டில்கூட நான் சோறு போட்டதில்லை, பக்கத்தில் இருப்பவளிடம் கரண்டியைக் கொடுத்துவிடுவேன். அவரும் அது தெரிந்து கடைசியாகத்தான் வருவார். பிரியாணி அண்டாவுக்கு நாலடி தள்ளி நின்று மோந்து பார்த்து, காற்றோடு சொல்வதுபோலச் சொல்வார். "உப்பு கம்மி." உப்பு கம்மியாகத்தான் இருக்கும். அவர் போன பிறகு ஒரு பிடி போடுவேன்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும், தெரியாததுபோல இருந்தேன். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நான் சுண்ணாம்பு வாளியோடு போவேன். என் தம்பி கல்லறை முன்னாலேயே வெள்ளையடித்து இருக்கும். சிலுவையின் பின்பக்கம்கூட அடித்திருக்கும், அதை யாரும் அடிக்க மாட்டார்கள். நான் அதன்மேலேயே இன்னொரு தடவை அடித்துவிட்டு வருவேன். அவர் கைபட்டது தெரியக்கூடாது என்று.

அந்த வருஷ முகாம் ஏலகிரி மலைக்கு அடிவாரத்தில். சபைக்குப் புதிதாக வந்த நிலம். முன்னால் யாரோ அங்கே சின்ன அளவில் தோல் வேலை செய்துவிட்டு விட்டுப்போன இடம். மாமரமும் புளியமரமுமாக நல்ல நிழல். ஒரு மூலையில் சிமெண்ட் பலகை மூடின பழைய தொட்டி இருந்தது. ஒரு பலகை உடைந்து ஆள் நுழைகிற அளவுக்கு வாய் திறந்திருந்தது. சருகு மூடி, பார்த்தால் தரை மாதிரியே தெரியும். போன வாரம்தான் மழை பெய்திருந்தது.

அவர் அங்கே வெகுநேரம் நின்றார். மற்ற இடத்தில் ஒரு கோடு போடுகிறவர் அங்கே மூன்று கோடு போட்டார். பிறகு விளையாட்டு நடத்துகிற ஷீபாவிடம் வந்தார். ஷீபா காலேஜ் முடித்த பெண், பட்பட்டென்று வேலை செய்வாள். அவள் தம்பி ஜோயலும் முகாமுக்கு வந்திருந்தான், பன்னிரண்டாவது முடித்தவன்.

"பாப்பா, அந்த மூலைக்கு ஒருத்தரும் போகக்கூடாது."

"சரி அங்கிள்."

"கோட்டத் தாண்டக்கூடாது."

"சரி அங்கிள், சொல்லிட்டீங்க இல்ல. நாலாவது வாட்டி."

"நாலு வாட்டி இல்ல, நாப்பது வாட்டி சொல்லுவேன்."

அவள் சிரித்துக்கொண்டே எல்லோரையும் கூப்பிட்டு வெள்ளைக் கோட்டைத் தாண்டக்கூடாது என்று சொல்லத்தான் செய்தாள். அன்றைக்கு விளையாட்டு, ஒளித்து வைத்த டப்பாக்களைத் தேடுவது. ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் ஒரு வேத வசனச் சீட்டு, அடுத்த டப்பா எங்கே என்ற குறிப்பு. ஏழு டப்பாவில் கடைசி டப்பாதான் கஷ்டமாக இருக்க வேண்டும். யாரும் கோட்டைத் தாண்ட மாட்டார்கள், அதனால் யாரும் தேட மாட்டார்கள் என்று ஷீபா யோசித்தாள். கோட்டைத் தாண்டிப்போய், அந்தத் தொட்டிக்குள் முதல் இரும்புப் படியில் டப்பாவை வைத்துவிட்டு வந்தாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. மற்றவர்களுக்குப் போட்ட கோடு நமக்கில்லை என்று நினைத்துவிட்டாள், அவ்வளவுதான்.

ஜோயல் கெட்டிக்காரன். அக்கா புத்தி அவனுக்குத் தெரியும்.

நான் அரிசியைக் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தேன், பகல் பதினோரு மணி இருக்கும். முதலில் சிரிப்புச் சத்தம். "டேய் அங்கதாண்டா வெச்சுகிறா." "டப்பா உள்ள வுழுந்துடுச்சுடா." "நான் எடுக்கறேன், இரு." அப்புறம் ஒரு பையன், "டேய் ஜோயல், விளையாடாதடா," என்றான். இரண்டாவது தடவை அதையே சொன்னபோது அவன் குரல் மாறியிருந்தது.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

நான் போவதற்குள் அவர் அங்கே இருந்தார். ஷீபா தொட்டிக்குள் ஒரு காலை விட்டிருந்தாள். அவர் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினார். தள்ளிவிட்டு அந்த வாய்மேல் குறுக்கே உட்கார்ந்தார்.

இருபது வருஷம் என் மனசுக்குள் நான் பார்த்துக்கொண்டிருந்த படம் அது. கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அங்கிள் எழுந்திருங்க! என் தம்பி உள்ள இருக்கான்!"

"நில்லு. ஒருத்தரும் கிட்ட வராதீங்க. கோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க."

"யோவ், பைத்தியமாய்யா நீ?" என்று ஒரு பையன் அவர் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான். இன்னும் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். ஒருத்தன் காலைப் பிடித்து இழுத்தான். வயசான ஆள். எவ்வளவு நேரம் தாங்குவார்? எல்லாம் நல்ல பிள்ளைகள், எல்லோரும் ஜோயலுக்காக உயிரைக் கொடுக்கத் தயாரான பிள்ளைகள். அதுதான் பயம். கொடுத்துவிடுவார்கள்.

நான் கும்பிட்ட கையோடு நின்றேன். ஆண்டவரே, யாரையாவது அனுப்பு. யாரையாவது அனுப்பு. அதைத் தவிர என் வாயில் வேறு வரவில்லை. தூதன் என்றால் எப்படி வருவார் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது, ஞாயிறு பள்ளிப் படத்தில் பார்த்தது. வானத்தைப் பார்த்தேன். மாமரக் கிளைதான் இருந்தது. கீழே பார்த்தேன். அந்த ஆள், அத்தனை பேர் இழுப்புக்கு நடுவில், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடும் அசைந்துகொண்டிருந்தது. அவரும் அதையே கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. கேட்டுக்கொண்டே என்னைப் பார்க்கிறார்.

அதற்கப்புறம் நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"வுடுங்கடா அவர! அவர் சொல்றதக் கேளுங்கடா! என் தம்பி இப்டி குதிச்சுதான் செத்தான்! எல்லாரும் சாவணுமா?"

பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். சமையல்கார ஆயா பேசி அவர்கள் கேட்டதே இல்லை. அந்த ஒரு நொடிதான். நான் ஷீபாமேல் போய் விழுந்தேன். இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு என் முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்தேன்.

அவர் எழுந்தார். நான் பிடித்துக்கொள்வேன் என்று தெரிந்த பிறகுதான் எழுந்தார். பக்கத்தில் கிடந்த கொக்கிக் கழியை எடுத்தார். அந்தக் கழி ஏன் எப்போதும் அவர் கைக்கு எட்டுகிற தூரத்திலேயே இருக்கும் என்று அப்போதுகூட நான் யோசிக்கவில்லை. துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, உடையாத பலகைமேல் குப்புறப் படுத்து, கழியை உள்ளே விட்டார்.

"காத்துக்கு முதுகக் காட்டி நில்லுங்க. மூணு பேர் என் காலப் புடிங்க. இடுப்புல கயிறு கட்டிக்கிறன், நான் அசையலன்னா என்ன இழுங்க. ஒருத்தரும் எட்டிப் பாக்கக் கூடாது."

இப்போது கேட்டார்கள். கால் பிடித்தார்கள். முதல் தடவை கொக்கி சட்டையில் மாட்டி, சட்டை கிழிந்தது. தலையை வெளியே இழுத்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி படுத்தார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"அக்கா."

சின்னதாக. தூக்கத்தில் கூப்பிடுகிற மாதிரி. ஒரே ஒரு தடவை.

ஷீபா துள்ளினாள். "உயிரோட இருக்கான்! கூப்புட்றான்! ஆயா வுடு! வுடு ஆயா, கெஞ்சிக் கேக்கறேன்!" என் மணிக்கட்டைக் கடித்தாள். பல் எலும்பில் பட்டது. தழும்பு இப்போதும் இருக்கிறது. நான் விடவில்லை. அவன் கூப்பிட்டது என் காதிலும்தான் விழுந்தது. கேட்டுக்கொண்டே அவன் அக்காமேல் உட்கார்ந்திருந்தேன். ஒரு உயிர் கூப்பிடுகிறபோது அசையாமல் உட்காருவது எப்படி இருக்கும் என்று என்னை யாரும் கேட்க வேண்டாம். என் கை பிடித்துக்கொண்டிருந்தது, அந்தப் பலம் என்னுடையது இல்லை என்று மட்டும் சொல்வேன். முப்பது வருஷம் பசை தடவின கை, ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் நடுங்குகிற கை.

மூன்றாவது தடவை கொக்கி பேண்ட்டு பெல்ட்டில் மாட்டியது. "இழு," என்றார். தோலை இழுக்கிற மாதிரியே, கழியைச் சுவரோடு சாய்த்துச் சாய்த்து, பையன்கள் பின்னால் பிடித்து இழுக்க, ஜோயல் மேலே வந்தான். உடம்பெல்லாம் கறுப்புச் சேறு. முகம் நீலம். வேன் பாய் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். ஷீபா பின்னால் ஓடினாள். வேலூர் ஆஸ்பத்திரி போகும் வரை ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை என்று பாய் அப்புறம் சொன்னார்.

அண்டாவில் பிரியாணி அடிப்பிடித்துக் கருகிப்போயிருந்தது. யாரும் சாப்பிடவில்லை.

குழாயடியில் அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். இருமிக்கொண்டே இருந்தார். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. நான் என் கையில் ரத்தத்தைக் கழுவப் போனேன். இருபது வருஷத்தில் முதல் தடவையாக நாங்கள் இரண்டு பேரும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றோம்.

அவர்தான் பேசினார். என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துப் பேசினார்.

"அன்னிக்கும் கழி இருந்துச்சுமா. செவுத்துல சாத்தி வெச்சிருந்துச்சு. பத்தடி தூரந்தான். நான் எழுந்து போனா நாலு பேரும் குதிச்சுடுவானுங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர் எங்கூட இருந்திருந்தா, கழிய எடுத்துப் போட்டிருப்பேன். ஒருத்தரும் இல்ல."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்கம்மா ஒண்ணு கேட்டாங்க," என்றார். "அந்தம்மா இருக்கிற வரைக்கும் சொல்ல எனக்குத் தைரியம் வர்ல. நீ கேட்டா இப்ப சொல்லிட்றேன்."

அவர் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன். கேட்க வேண்டும் என்றுதானே இத்தனை வருஷம் இருந்தேன்?

"வேணாண்ணா," என்றேன். "எனக்கும் கேட்டுச்சு."

அவர் குழாயை மூடினார். மூடிவிட்டு அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க நின்றார். நான் என் முந்தானையை நீட்டினேன். கை துடைத்துக்கொண்டார்.

ஜோயல் பிழைத்தான். ஒரு மாசம் ஆஸ்பத்திரி. இப்போது அப்பா கடையில் உட்காருகிறான், சில நேரம் பேச்சு நடுவில் நின்றுவிடும், வார்த்தையைத் தேடுவான். அவன் வந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். அவன் அப்பா அழுதுகொண்டே சொன்னார். கர்த்தர் தம்முடைய கையை நீட்டிப் பிள்ளையைத் தூக்கிவிட்டார் என்றார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். வாசல் பக்கத்துப் பெஞ்சில் இருமல் சத்தம் கேட்டது. யாரும் திரும்பவில்லை. கர்த்தர் கை நீட்டினது உண்மைதான். அந்தக் கையில் நாலு நகம் இல்லை என்று யாராவது எழுந்து சொல்ல வேண்டும். எனக்கு வாய் இருந்தால் நான் எழுந்திருப்பேன். தண்ணீர் குடிக்கத்தான் எழுந்து போனேன்.

ஷீபா அவரோடு பேசவில்லை. என்னோடும் பேசவில்லை. அவர் இருக்கிற பக்கம் அவள் திரும்புவதில்லை. டப்பாவை அங்கே வைத்தது அவள், அந்தப் பாரத்தை யார் தலையிலாவது போட வேண்டுமே. தலைமுடியைப் பிடித்து இழுத்தவர்மேல் போட்டாள். எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. நான் எத்தனை வருஷம் நடந்த பாதை அது, எனக்குத் தெரியாதா?

அந்த இருமல் நிற்கவே இல்லை. அடுத்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அவர் போய்விட்டார். கடைசியில் பார்க்கப் போனபோது பேச்சு இல்லை. கஞ்சித் தம்ளரைக் கிட்டே கொண்டுபோனேன். மோந்து பார்த்தார். "உப்பு சரியா இருக்காண்ணா?" என்றேன். கண்ணை மூடித் திறந்தார்.

அடக்கத்துக்கு நல்ல கூட்டம் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு டேனரியில் பிழைத்த நாலு பேரில் இரண்டு பேர் வந்திருந்தார்கள், வயசாகிப்போய். பெட்டியைத் தூக்கினவர்களில் ஜோயலும் ஒருத்தன். பாஸ்டருக்கு வேறொரு கல்யாண ஆராதனை இருந்தது, சீக்கிரம் சீக்கிரம் என்றார். சர்ச்சுப் படியேறி, பெட்டியோடு வேகமாக உள்ளே நுழையப் போனார்கள்.

"நில்லுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் பெண்கள் பக்கத்தில் இருந்து வந்த குரல். பாஸ்டரும் பார்த்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்தச் சர்ச்சில் நான் சத்தமாகப் பேசின ஒரே வார்த்தை அதுதான்.

காரணம் யாரும் கேட்கவில்லை. ஜோயல்தான் முதலில் நின்றான். பெட்டி வாசலில் நின்றது. டேனரிப் பக்கத்திலிருந்து காற்று வந்தது. நாத்தம் இருந்தது.

அப்புறம்தான் உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள்.